சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர்: மூன்று வருடம் ஓட்டியதில் தெரிந்தது

சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற பெண்கள் மாதத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு இடது காலில் போலியோ, இரண்டு வயதில் வந்தது. கேலிப்பர் (காலைத் தாங்குகிற இரும்புச் சட்டம்) போட்டு ஓர் ஊன்றுகோலோடு நடப்பேன். ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், டவுனிலிருந்து 14 கிலோமீட்டர். டவுனில் ஒரு வக்கீல் அம்மாவிடம் டைப்பிஸ்ட் வேலை. வண்டி கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது எல்லாரும் ஓட்டுகிற கியர் இல்லாத 110 சிசி வண்டிதான், அதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் பேசப் போவது அதன் பின்னால் மாட்டிய சக்கரங்களைப் பற்றி, அப்புறம் அதை மாட்டியவர்கள் யாரை மனதில் வைத்துக்கொண்டு மாட்டினார்கள் என்பதைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது பெரிய நல்லது. இந்த வண்டி வருவதற்கு முன் டவுன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை, ஆக எந்தக் கணக்கில் பார்த்தாலும் எனக்கு இலவசம். நன்றியோடுதான் சொல்கிறேன், மாதம் எழுநூறு ரூபாய் மிச்சம் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த பஸ்ஸின் முதல் படி கிட்டத்தட்ட என் முட்டி உயரத்தில் இருக்கும். கேலிப்பர் போட்ட கால் மடங்காது. நல்ல காலை முதலில் வைத்து, ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் கம்பியுமாக உடம்பை இழுத்து மேலே ஏற்ற வேண்டும். அப்போது பின்னாலிருந்து கைகள் வரும். தூக்கிவிடுகிற கையும் உண்டு, அந்தச் சாக்கில் வருகிற வேறு கையும் உண்டு. எது யாருடையது என்று திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் விழுவேன். இதை மாற்றுத்திறனாளி நண்பர்களிடம் (எல்லாரும் ஆண்கள்) சொன்னபோது, "யாராவது ஏத்தி விட்டுடுவாங்கல்ல, அப்புறம் என்ன" என்றார்கள், அவர்களுக்கு அது உண்மைதான். கூட வேலை பார்க்கிற பெண்களிடம் சொன்னபோது, "கையில சேஃப்டி பின் வச்சுக்க, குத்திரு" என்றார்கள். எந்தக் கையில் வைப்பது? இரண்டு தரப்பும் என் மேல் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு தரப்புக்கு அந்தக் கைகளைப் பற்றித் தெரியவில்லை, இன்னொரு தரப்புக்கு என் கைகளைப் பற்றித் தெரியவில்லை.

வண்டி வந்த அன்றோடு அது நின்றது. இப்போது 40 நிமிடத்தில் ஆபீஸ் வாசலில் இருக்கிறேன், யார் கையும் படாமல். இதற்காக மட்டுமே கூட நான் இந்த வண்டியைச் சிபாரிசு செய்வேன்.

சரி, வண்டி எப்படி இருக்கிறது? ஸ்கூட்டரின் பின்சக்கரம் அப்படியே இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து, ஆளுக்கொரு ஷாக் அப்சார்பரோடு இரண்டு சின்னச் சக்கரம் போல்ட் போட்டு மாட்டுவார்கள், ஆக மொத்தம் தரையில் நான்கு சக்கரம். பிரேக் இரண்டுமே கையில், கியர் கிடையாது, அதனால் காலுக்கு வேலையே இல்லை. பேலன்ஸ் பற்றிக் கவலை இல்லை. ஆனால் இதை ஸ்கூட்டர் மாதிரி ஓட்டக் கூடாது, ஏனென்றால் வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடியாது. வேகமாக வளைவில் போனால் வண்டி ஒரு பக்கம் திரும்பும், உங்கள் உடம்பு எதிர்ப்பக்கம் போகும், அந்த நேரத்தில் காலை ஊன்றி உடம்பைப் பிடித்துக்கொள்ள முடியாதவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தை 15-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நேர் ரோட்டில் 40-க்கு மேல் நான் போவதில்லை. இன்னொன்று, சைடு வீல்கள் மேட்டிலும் நடுச்சக்கரம் பள்ளத்துக்கு மேலும் நின்றுவிட்டால் நடுச்சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும், வண்டி நகராது. எங்கள் ஊர் மண்பாதையில் முதல் மாதத்திலேயே மூன்று முறை இப்படி மாட்டினேன். ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் தளர்த்தி வைத்த பிறகு பரவாயில்லை. மைலேஜ் 35-க்கு மேல் கிடைப்பதில்லை. அகலம் என் வண்டிக்கு 3 அடி 3 அங்குலம், வீட்டுக் கேட்டை அளந்துவிட்டு வாங்குங்கள், நான் அளக்காமல் வாங்கி ஒரு தூணை இடித்தேன். ரிவர்ஸ் வசதி தனிக் காசு, தயவுசெய்து அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், காலால் பின்னுக்கு உந்த முடியாதவருக்கு ரிவர்ஸ் இல்லாத வண்டி பாதி வண்டிதான்.

லைசென்ஸ் கஷ்டமாக இல்லை. என்னைப் பரிசோதித்த இன்ஸ்பெக்டர் மரியாதையாக நடத்தினார், எட்டு போடச் சொல்லவில்லை, ஓட்டிக் காட்டச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான். முன்பு சட்டத்தில் இந்த மாதிரி வண்டிக்கு 'இன்வாலிட் கேரேஜ்' என்று பெயர். 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, 'மாற்றியமைக்கப்பட்ட வண்டி' என்று பொருள் வருகிற வேறு சொல்லைப் போட்டார்கள். ஆர்சி புத்தகத்தில் இந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். கடைக்காரர் "அதெல்லாம் வேண்டாம்மா" என்றால் கேட்காதீர்கள்.

இப்போது கடைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். சைடு வீல் மாட்டுவதற்கென்றே இருக்கிற கடை, வேலை சுத்தம், வெல்டிங் இன்றுவரை விடவில்லை. தம்பியோடு போயிருந்தேன். வண்டி என் பெயரில், லோன் என் பெயரில், கால் என்னுடையது. ஆனால் அங்கிருந்த பெரியவர் தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார்: "பாப்பாவுக்கு எந்தக் கால் சார்?" எனக்கு அப்போது 36 வயது. தம்பி என்னைப் பார்த்தான், நான் சொன்னேன், அவர் மறுபடியும் தம்பியிடமே, "ரிவர்ஸ் போடலாமா, பட்ஜெட் எப்படி" என்றார். அந்த ஒன்றரை மணி நேரமும் அப்படியே போனது. சுவரில் அவர்கள் மாட்டிக் கொடுத்த வண்டிகளின் போட்டோக்கள் இருபதுக்கு மேல் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பேண்ட் சட்டை போட்ட ஓர் ஆண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அப்போது கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தம் எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

பொங்கல் முடிந்த வாரம். திருக்கோகர்ணம் தாண்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன், 25-க்குள் தான் வேகம். திடீரென்று கழுத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்துவிட்டேன். துப்பட்டா இடது சைடு வீலின் அச்சில் நான்கு சுற்று சுற்றியிருந்தது. என்னால் இறங்கவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை, கழுத்து ஒரு பக்கமாக வளைந்தபடி உட்கார்ந்திருந்தேன். ரோட்டோரம் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா, கிழங்கின் நுனி அரிகிற கத்தியோடு ஓடிவந்து, "அசையாம இருத்தா, அசையாம இரு" என்று சொல்லிக்கொண்டே என் தாடைக்குக் கீழே விரலைக் கொடுத்துத் துணியைத் தள்ளிப் பிடித்து அறுத்தார். கழுத்தில் சிவப்புக் கோடு பத்து நாள் இருந்தது. அந்த அம்மாவின் விரலில் பனங்கிழங்கு வாசம் அடித்தது, அதை நான் மறக்க மாட்டேன்.

கடைக்குப் போன் போட்டேன். "பேண்ட் போட்டுக்கங்கம்மா, துப்பட்டா எதுக்கு, எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார்கள். கேலிப்பருக்கு மேல் பேண்ட் ஏறாது, ஏறினாலும் வளையத்தில் மாட்டும். லூசான சுடிதாரும் சேலையும்தான் எனக்கு வசதி, கோர்ட்டுக்கும் அதுதான் பொருந்தும். 'எல்லாரும்' என்று அவர் சொன்னது அந்த போட்டோவில் இருந்தவர்களை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் ஊர் இரு சக்கர வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சேலை கார்டு இருக்கும். அது கம்பெனிக்காரன் தயவு இல்லை, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று சொல்கிறது. அதை எழுதியவர்கள் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்காருகிற பெண்களை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் சைடு வீல் மாட்டும்போது இரும்புச் சட்டம் இடிக்கிறது என்று அந்தக் கார்டைத்தான் முதலில் கழற்றினார்கள். புதிதாக மாட்டிய இரண்டு சக்கரத்துக்கும் மறைப்பே இல்லை. பெண்களை நினைத்தவர்கள், அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், கால் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். கால் இல்லாதவர்களை நினைத்தவர்கள், அவன் ஆண் என்று நினைத்துவிட்டார்கள். கால் வராத, சேலை கட்டிய, முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற ஒருத்தியை இரண்டு பக்கத்திலும் யாரும் நினைக்கவில்லை. எனக்கு நடந்தது பெண் என்பதால் பாதி, மாற்றுத்திறனாளி என்பதால் பாதி என்று பிரித்துக் கணக்குப் போட முடியாது. துப்பட்டா போடுகிற, நடக்க முடிகிற பெண்ணுக்கு இது நடந்திருக்காது. என்னைப் போலவே கால் வராத ஆணுக்கும் நடந்திருக்காது.

இதை வக்கீல் அம்மாவிடம் சொன்னபோது அவர் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு, 1976-ல் தீர்ப்பு. 1964-க்கு முன்னால் அந்தக் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்றது, ஆக 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. கோர்ட் என்ன சொன்னது? கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்துத்தானே வந்திருக்கிறது, அதனால் பெண் என்ற பாகுபாடு இல்லை. கறுப்பினம் என்றால் அதற்கு வேறு வழக்கு இருக்கிறது, அதில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகை கேட்க முடியாது. கம்பெனி அப்படி எடுத்து வந்த பெண்கள் வெள்ளைக்காரிகள் என்பதைக் கோர்ட் கணக்கில் எடுக்கவில்லை. இந்த மாதிரி வழக்குகளை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-ல் இதற்கென்று 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தாராம், ரோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தை வைத்து. தமிழில் குறுக்குவெட்டு என்கிறார்கள். எனக்கு அந்த நாற்சந்தி உடனே புரிந்தது, நான் தினமும் வண்டியை அதில்தான் ஓட்டுகிறேன்.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த பட்டான் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பு, நீதிபதி சந்திரசூட் எழுதியது. ஆந்திராவில் பிறவியிலேயே பார்வையில்லாத, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை. அதிலிருந்து சில பத்திகளை ஒரு வேலைக்காக டைப் அடிக்க நேர்ந்தது. பெண், சாதி, உடல்நிலை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு மட்டும் நிற்கவில்லை, சம்பவம் நடந்த காலத்துச் சட்டப்படி, சாதியைக் காரணமாக வைத்துத்தான் செய்தான் என்று தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் அந்தச் சொற்களை மாற்றினார்கள். அந்தப் பத்தியை அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. காரணத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துக் காட்டு என்றால், அந்தப் பெண் எதைக் காட்டுவாள்?

என் கதையிலும் அந்த மூன்றாவது இருக்கிறது. நாங்கள் தலித்துகள். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

எங்கள் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில். 1991, 92-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள், லட்சத்துக்கு மேல் என்று சொல்வார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள், அதில் ஒரு வசதி, நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துத்தான் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஊர்த்தெரு ஆரம்பிக்கிற வேப்பமரத்தடியில் அம்மா இறங்கிவிடுவார். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் திண்ணையிலிருந்து ஒருவர், "புள்ளையையும் எறக்கு" என்றார். அம்மா என் பாவாடையை முட்டிவரை தூக்கி கேலிப்பரைக் காட்டி, "அதுக்குக் காலு வராது சாமி" என்றார். அவர் பார்த்துவிட்டு, "சரி போ" என்றார். எங்கள் தெருவிலிருந்து அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்தபடியே போன ஆள் அந்தக் காலத்தில் நான் ஒருத்திதான். அதற்கு அம்மா என் பாவாடையைத் தூக்க வேண்டியிருந்தது.

இப்போது பையன்கள் பைக்கில் போகிறார்கள், பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும். போன வருடம் அப்படி ஒருநாள் என் ஸ்கூட்டரை நிறுத்தி, "எறங்கித் தள்ளிட்டுப் போம்மா" என்றார் ஒருவர். நான்கு சக்கரத்தில் நிற்கிற வண்டி, தள்ளுவதற்கே ஆள் வேண்டும், அதிலும் இறங்கி நடந்து தள்ளுகிற உடம்பு எனக்கு இல்லை. நான் எதுவும் பேசவில்லை, என்ஜினை அணைக்கவும் இல்லை. அவர் ஊன்றுகோலைப் பார்த்தார், "சரி சரி, போ" என்றார். பின்னால் பைக்கில் வந்த என் தம்பியை இறங்க வைத்தார்கள். நான் உட்கார்ந்து போனேன், அவன் தள்ளிக்கொண்டு வந்தான். என் கால் எனக்கு வாங்கித் தந்த சலுகை அது, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வக்கீல் அம்மா மனு எழுதலாம் என்கிறார். தம்பி, நாம் அங்கேதானே இருக்க வேண்டும் என்கிறான்.

டவுனில் கதை வேறு. முன்பின் தெரியாதவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சைடு வீல்தான், "பாவம்மா, எவ்வளவு தைரியம்" என்பார்கள். அப்புறம் எந்த ஊர் என்பார்கள், அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் குரல் மாறுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து எடுப்பதாக 2025-ல் சட்டசபையில் அறிவித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், ஆனால் இந்தக் கேள்வி அந்தச் சொல் இல்லாமலும் கேட்கப்படுகிறது.

எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே இரண்டு காலும் போலியோவில் போன ஒருத்தி இருக்கிறாள், அதே சாதி, அவளும் பெண். ஆனால் எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, அதனால் லோன் கிடைத்தது. அவள் வீட்டில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள், அவளுக்கு எந்த பேங்க் லோன் கொடுக்கும்? அரசு இலவசமாகத் தருகிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு விண்ணப்பம் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். இவளும் நானும் ஒன்று என்று ஊர் நினைக்கிறது, நாங்கள் ஒன்று இல்லை, அந்த வித்தியாசம் என் சம்பளக் கவரில் இருக்கிறது.

சரி, வாங்கலாமா? வாங்குங்கள். வண்டிக்கு ஐந்துக்கு நான்கு, சைடு வீல் மாட்டிய வேலைக்கு மூன்று, அந்தக் கடை என்னிடம் பேசிய விதத்துக்கு ஒன்று. மாட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ரிவர்ஸ், ஊன்றுகோல் கிளிப் முன்பக்கம் (பின்பக்கம் வைத்தால் உடம்பைத் திருப்பி எடுக்க வேண்டும்), சைடு வீலுக்கு மறைப்பு. நீங்கள் தினமும் என்ன உடுத்துவீர்களோ அதையே உடுத்திக்கொண்டு போங்கள், அவர்கள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்து துணி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். கூட வருகிற ஆணை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

என் வண்டிக்கு மறைப்பு அந்தக் கடையில் கிடைக்கவில்லை. டவுனில் கேட், கிரில் அடிக்கிற ஒரு பட்டறையில் தகரத்தை அரைவட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்தார்கள், 900 ரூபாய். ஒன்றரை வருடமாக ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. அந்த அளவை ஓர் அட்டையில் வரைந்து வெட்டி வைத்திருக்கிறேன். பூ கட்டுகிறவளுக்கு வண்டி வருகிற அன்று, ரோட்டில் இறக்குவதற்கு முன்பே, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவளோடு பட்டறைக்குப் போவதாக இருக்கிறேன்.